கூடையில் கிடந்த கைபேசிகள்

மாலை ஐந்து இருபதுக்கு எங்கள் வீட்டுக் காரியம் கெடத் தொடங்கியது. மணி இவ்வளவு திட்டமாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் அலுவலகத்தில் ஐந்து இருபதுக்கு மேசை இழுப்பறைகளைப் பூட்ட ஆரம்பிப்போம். ஐந்தரைக்குக் கிளம்புவதற்கான அந்த ஆயத்தம் மத்திய அரசு ஊழியனின் பிறப்புரிமை. நான் சாவியைத் திருகிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. தெரியாத எண். ஒரு பெண், ஆங்கிலமும் வங்காளியும் கலந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்: "அங்கிள், ஜோயலுக்கு இப்ப உடம்பு பரவாயில்லையா? பூஜா லீவுக்கு அப்புறம் அவன் காலேஜுக்கே வரலையே?"

துர்கா பூஜை விடுமுறை போய், கிறிஸ்துமஸும் போய், அப்போது வங்காளிகள் தை, மாசியில் கொண்டாடும் சரஸ்வதி பூஜைக்குத் தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜோயல் எங்கள் ஒரே பிள்ளை. அன்று காலையில்கூடப் பையை மாட்டிக்கொண்டு, டாக்குரியா ஸ்டேஷனில் ரயிலேறி, அடுத்த ஸ்டேஷனான ஜாதவ்பூரில் இருக்கும் கல்லூரிக்கு என்றுதான் போயிருந்தான். "பரவாயில்லம்மா, தேறிட்டான்" என்று நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மானம் என்பது மூளையைவிட வேகமாக வேலை செய்கிற உறுப்பு போலிருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுத உட்காரக் காரணம் கடுகெண்ணெய். போன வாரம் காளிகாட்டில் மெட்ரோ படியேறி வெளியே வந்தேன். வாசலில் ஒருவன் பொரியில் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு, பச்சைக் கடுகெண்ணெய் ஊற்றி, தகர டப்பாவில் குலுக்கிக்கொண்டிருந்தான். இந்த ஊரில் அந்த நெடி மூக்கில் ஏறினால் எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தாதா, தண்ணி வேணுமா?" என்றான் பொரிக்காரன். தாதா என்றால் இங்கே அண்ணன். எனக்கு அது உபவாச ஜெபத்தின் வாசனை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

நான் வேலை கிடைத்து தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்திலிருந்து கொல்கத்தாவுக்கு வந்த புதிதில் இங்கே தமிழ்ச் சபை நிரம்பி வழிந்தது. எங்களுக்கென்று சொந்தக் கோயில் கிடையாது. ஒரு வங்காளிச் சபையார் தங்கள் கோயிலை ஞாயிறு மாலையில் எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். துறைமுகக்காரர்கள், ரயில்வேக்காரர்கள், என்னைப் போல் மேசைக்காரர்கள். கீர்த்தனை பாட ஆரம்பித்தால் எதிர் மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் கூடைகளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அழகில் மயங்கி அல்ல, சத்தத்தில் அதிர்ந்து. வருஷத்துக்கு ஒருமுறை அசனம் என்கிற சபை விருந்து. கோயில் வளாகத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும்போது வங்காளிச் சபையாரும் ஏதோ சாக்கில் வந்துவிடுவார்கள்.

ஜெபக்குறிப்பு என்று போதகர் ஐயர் கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஒன்றைத்தான் சொல்வோம்: ஊர்ப்பக்கம் டிரான்ஸ்பர். கர்த்தரை நாங்கள் பெரிய நிர்வாக அதிகாரியாகவே வைத்திருந்தோம். விண்ணப்பம் அவரிடம் போயிருக்கிறது, கோப்பு நகர்கிறது, நாம் பொறுமையாக இருக்க வேண்டும். காத்திருப்பு எங்களுக்கு அலுவலகத்திலேயே பழகிய சமாசாரம். விசுவாசம் என்று நான் நினைத்திருந்ததில் எவ்வளவு விசுவாசம், எவ்வளவு அரசு ஊழியப் பழக்கம் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்று நான் வீடு வந்து சேர்ந்தபோது ஜோயல் இல்லை. கிருபா, என் மனைவி, அடுப்படியில் இருந்தாள்.

"அவன் எங்க?"

"பிரெட் வாங்கப் போயிருக்கான்."

"பிரெட்டா? அவனா?"

"அவனேதான் கேட்டான், வாங்கிட்டு வரட்டுமான்னு. எனக்கே ஆச்சரியம்."

கட்டிலில் அவனுடைய பையும் கைபேசியும் கிடந்தன. திரையில் அந்தப் பெண்ணின் செய்தி: உன் அப்பாவிடம் பேசினேன், தேறிவிட்டாய் என்றார், சந்தோஷம். நல்ல பெண். பிரெட் கடை எங்கள் சந்தின் முனையில்தான் இருக்கிறது. நான் போய்க் கேட்டேன். அவன் கடைப்பக்கமே வரவில்லை.

காவல் நிலையத்தில் எழுதிக்கொண்ட பெரியவர் தலையைத் தூக்காமலே வங்காளியில் சொன்னார்: "திட்டினீங்களா? அடிச்சீங்களா? ரெண்டும் இல்லையா? அப்ப எதுக்குப் போனான்?" நாங்கள் திட்டாதது ஒரு குற்றம் போல எங்களைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிக்கொண்டு, "வருவான், தாதா. காத்திருங்க" என்றார். காத்திருங்கள் என்று முதலில் சொன்னவர் போதகர் அல்ல, அவர்தான்.

கொஞ்ச நாள் கழித்து அதே நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். தண்டவாளத்தருகே ஓர் உடல் கிடைத்திருக்கிறது, வயது பொருந்துகிறது, வந்து பாருங்கள். கிருபாவிடம் அலுவலக வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன். பிணவறைக்காரன் துணியை விலக்கினான். ஜோயல் இல்லை. என் வாயிலிருந்து, அந்தக் கூடமே கேட்கும்படி, "ஸ்தோத்திரம்!" என்று வந்தது. திரும்பினேன். எனக்குப் பின்னால் இன்னொருவர் நின்றிருந்தார். என் வயது, தோளில் துண்டு. என் முகத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். என் ஸ்தோத்திரம் அவருக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிவதற்குள் அவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். வெளியே படியில் இறங்கும்போது அவருடைய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நன்றி சொல்லி ஜெபிக்கும்போதெல்லாம் எனக்குப் பின்னால் யாரோ நிற்பது போலவே இருக்கிறது.

உண்மையைப் பிறகு கிருபாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வீட்டிலேயே உபவாச ஜெபம் வைக்கலாம் என்று சபையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவள் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள். மறுநாள், "வரச் சொல்லுங்க" என்றாள். வெள்ளிக்கிழமைகளுக்கு நான் லீவு எழுதிக் கொடுத்தேன்.

முன்னின்று நடத்தியவர் பொன்னையா அண்ணாச்சி. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சபை மூப்பர். நல்ல மனுஷன், இதை நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லவில்லை. முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி வருவார். காலை பத்து மணிக்குப் பாயில் உட்கார்ந்தால் மூன்று மணிவரை எழுந்திருக்க மாட்டார். அவருடைய ஜெபத்தில் விலாசம் துல்லியமாக இருக்கும். "ஆண்டவரே, டாக்குரியா மேம்பாலத்துக்குக் கீழ, ஸ்வீட் கடைக்கு எதுத்த சந்து, ரெண்டாவது மாடி. ஒமக்குத் தெரியாததில்ல. தம்பிக்கு வழி மறந்திருந்தா நீரு காட்டும்." எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வரும். பசியில் யாருடைய வயிறாவது கடமுடவென்று உருளும். மூன்று மணிக்கு ஆமென் சொன்னதும் நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாள் பெரிய பாத்திரத்தில் பொரி கலந்து அனுப்பிவிடுவார். பட்டினி வயிற்றில் பச்சைக் கடுகெண்ணெய். அந்த நெடிதான்.

பொரி தின்னும் நேரத்தில் நாக்குகளுக்கும் உபவாசம் முடிந்துவிடும். சாந்தா அக்கா என்று ஒருவர், சபையில் எல்லோருடைய ஆத்துமாவுக்கும் பொறுப்பெடுத்துக்கொண்டவர். ஒருநாள் கிருபாவின் கையைப் பிடித்து, "தப்பா நெனைக்காத கிருபா. வீட்ல அறிக்க பண்ணாத பாவம் ஏதும் இருந்தா கர்த்தர் தாமதிப்பாரு" என்றார்.

"இருக்குக்கா" என்றாள் கிருபா.

அக்கா கண் விரிந்து நெருங்கி உட்கார்ந்தார்.

"ஒங்களுக்குச் சுகர்னு தெரிஞ்சும் போன வாரம் டீல ரெண்டு ஸ்பூன் சீனி போட்டேன். மன்னிச்சிருங்க."

அன்று இரவு, அவன் போனதற்குப் பின் முதல்முறையாக நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது.

கைபேசிச் சட்டம் வந்த கதை இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணாச்சி கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருக்கையில், யாருடைய பையிலிருந்தோ ஒரு குத்துப் பாட்டு கிளம்பியது. பை எங்கே என்று தேடி அணைப்பதற்குள் இரண்டு சரணம் ஓடிவிட்டது. அடுத்த வாரம் முதல் எல்லாக் கைபேசிகளையும் அணைத்து, எங்கள் காய்கறிக் கூடையில் போட்டு, அடுப்படியில் வைத்துவிட்டுத்தான் ஜெபம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

கிருபா தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, என்னுது மட்டும் இருக்கட்டும். அவன் கூப்டா?" என்றாள்.

"கூப்பிட வைக்கது யாரும்மா? கர்த்தர்தான? அப்ப நேரத்தையும் அவருதான் குறிப்பாரு. இந்தப் பொட்டிய நம்பிக் கையில புடிச்சுக்கிட்டு இருந்தா அவருக்குக் காத்திருக்கதுன்னு எப்படிச் சொல்லுதது?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் என் கைபேசியை அணைத்துக் கூடையில் போட்டேன். அவளும் போட்டாள். கத்தரிக்காய்க்கு மேலே எல்லாக் கைபேசிகளும் கறுப்பு முகத்தோடு மல்லாந்து கிடந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் சில வெள்ளிக்கிழமைகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கிருபா தன் கைபேசியை உயிர்ப்பித்தாள். அது நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது. நீங்கள் அணைத்து வைத்திருந்த நேரத்தில் இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது என்று கம்பெனி அனுப்பும் செய்திகள், ஒன்றன் பின் ஒன்றாக. என்னுடையதிலும் அதே எண். அவள் கைபேசியை என்னிடம் நீட்டினாள், நான்தான் திருப்பிக் கூப்பிட்டேன்.

எடுத்தவர், வடக்கே ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கும் நியூ ஜல்பாய்குரி ஸ்டேஷனில் கம்பளி விற்கிறவர். நிதானமாக இந்தியில் சொன்னார்: "ஒரு பையன் போன் கேட்டான், குடுத்தேன். மாத்தி மாத்தி ரெண்டு நம்பருக்கு அடிச்சான். ரெண்டும் அணைச்சிருக்குன்னே வந்துச்சு. ரொம்ப நேரம் நின்னு பாத்தான். 'நம்பர மாத்திட்டாங்க போல'ன்னுட்டு, போனைச் சட்டையில தொடச்சுக் குடுத்தான். நல்ல பையன், சாப். உங்களுக்கு யாரு?"

எங்கே போனான் என்று கேட்டேன். ரயில் ஒன்று நின்றிருந்தது, அதில் ஏறினானா, வெளியே போனானா, தான் வியாபாரத்தில் இருந்ததாகச் சொன்னார். அன்றைக்கே நாங்கள் கிளம்பிப் போனோம். கம்பளிக்காரர் அவன் நின்ற இடத்தைக் காட்டினார். வெறும் தரை. கிருபா அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். சுமைக்காரர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கசப்பு. நாங்கள் திரும்பி வருவதற்குள் சபையில் ஒரே சந்தோஷம். ஜெபம் கேட்கப்பட்டது! பையன் உயிரோடிருக்கிறான்! நாம் முழங்காலில் நின்ற அதே மணி நேரத்தில் கர்த்தர் அவன் மனதைத் தொட்டுப் பேசவைத்திருக்கிறார்! அண்ணாச்சியின் முகம் பிரகாசித்தது. அவர் சொன்னது பொய்யும் இல்லை. அவன் உயிரோடிருக்கிறான், எங்கள் ஜெப நேரத்தில்தான் பேச நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி நேரம் வந்தபோது, "கிருபா முன்னால வந்து சாட்சி சொல்லட்டும்" என்றார்.

அவள் எழுந்து போவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போனாள். மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழம எம் மவன் கூப்டான்" என்றாள். "நாங்க ஜெபம் பண்ணிட்டிருந்தோம்."

"ஆமென்!" என்றது சபை. "ஸ்தோத்திரம்!" என்று சாந்தா அக்கா கையைத் தூக்கினார். யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். கிருபா அங்கேயே நின்றாள். ஒருவருக்காவது அவள் சொன்னது கேட்டிருக்குமா என்று வரிசை வரிசையாகப் பார்த்தாள். பிறகு இறங்கி, என் பக்கம் வராமல், நேரே வாசலுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஆராதனைக்கு வரவில்லை. கைபேசியை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். குளிக்கும்போது அது கதவுக்கொக்கியில் தொங்கும். நான் தனியாகக் கோயிலுக்குக் கிளம்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்: "நீங்க கர்த்தருக்குக் காத்திருங்க. நான் எம் புள்ளைக்குக் காத்திருக்கேன். ஆளுக்கொண்ணு."

நான் ஏன் தொடர்ந்து போனேன் என்று கேட்பீர்கள். போகாமல் இருக்கத் தெரியவில்லை. பிரசங்கங்களில் பொறுமை என்றால் சாந்தம் என்றே கேட்டு வளர்ந்தவன் நான். சினந்துகொண்டே காத்திருக்கலாம், பல்லைக் கடித்துக்கொண்டு நம்பலாம், முகத்தைத் திருப்பிக்கொண்டே அவரோடு ஒரே வீட்டில் இருக்கலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நான் அப்படித்தான் இருந்தேன். காலையில் முழங்கால் போட்டு, "இன்னைக்காவது" என்று ஒரே வார்த்தை சொல்லி எழுந்துவிடுவேன். அண்ணாச்சி அளவுக்கு விலாசம் சொல்ல எனக்கு மனமில்லை. தெரியாதவர்போல இருக்கிறவரிடம் எத்தனை தடவை விலாசம் சொல்வது?

வருஷங்கள் போனபின், சபையார் எல்லோரும் ஆயுசெல்லாம் கேட்ட வரம் எனக்கு வந்தது. தூத்துக்குடிக்கு டிரான்ஸ்பர். ஆணையைக் கொண்டுவந்து கிருபாவிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு, "நாம போயிட்டா அவன் எங்க வருவான்?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். "பாகோல் நாக்கி? பைத்தியமா உனக்கு?" என்றார் எங்கள் வங்காளி அதிகாரி. "ஒவ்வொருத்தனும் காலப் புடிச்சுக் கெஞ்சி ஊருக்கு ஓடறான்!" அண்ணாச்சியும் வருத்தப்பட்டார். "கர்த்தர் தெறந்த வாசல நீங்களே மூடுதீங்களே தம்பி." "எங்க வாசல் திறந்திருக்கணும்னுதான் அண்ணாச்சி" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

மற்றவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். துறைமுகத்தில் ஆள் குறைந்தது, ஓய்வு பெற்றவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள், பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் பறந்தார்கள். எதிர் மாடிக்காரர்களை அதிரவைத்த கீர்த்தனை நாலைந்து தொண்டைகளின் முனகலாகச் சுருங்கியது. கொரோனா வந்து கோயில் கதவுகள் மூடின. திறந்தபோது, எங்களுக்கும் திறந்துவிடுங்கள் என்று போய்க் கேட்க ஆளில்லை. வங்காளிச் சபையார் மிகுந்த மரியாதையோடு, ஞாயிறு மாலையில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அசனத்துக்குச் சமைத்த பெரிய அண்டாக்களை யார் எடுத்துப்போனார்கள் என்று தெரியவில்லை. அண்ணாச்சி நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருக்கிறார். தினமும் காலையில் வாட்ஸாப்பில் அவர் குரல் வரும். அந்தக் கூடையைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. அவருக்கு அது நினைவிலேயே இல்லை என்று நினைக்கிறேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், நல்ல மழை. எங்களுக்கு மேல் மாடியில் வாடகைக்கு இருக்கும் மாணவர்கள் சமைப்பதே இல்லை, எந்நேரமும் சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் படியேறுவதும் இறங்குவதுமாக இருப்பார்கள். நான் குடையோடு அப்போதுதான் உள்ளே வந்திருந்தேன். அதை வாசலில் விரித்து வைக்கக் கிருபா கதவைத் திறந்தாள். மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் போட்ட ஒருவன், முதுகில் பெரிய சதுரப் பையோடு, எங்கள் கதவைப் பார்க்காமல் வேகமாக மேலே ஏறிக்கொண்டிருந்தான். படியெல்லாம் தண்ணீர். அவள் வழக்கம்போல வங்காளியில், "பாத்துப்பா, படி ஈரமா இருக்கு, மெதுவா" என்றாள்.

அவன் ஏறுவதை நிறுத்தினான். திரும்பவில்லை. பிறகு திரும்பினான். ஹெல்மெட்டைக் கழற்றக் கொஞ்ச நேரம் ஆனது. கழற்றியபோது தாடியும், முன்நெற்றியில் கொஞ்சம் ஏறிப்போன முடியுமாக ஒரு முழு மனிதன் நின்றான்.

கிருபா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். ஜோயல் எங்கள் இருவரையும் பார்த்தான், எங்களைத் தாண்டி உள்ளே பார்த்தான், அதே பாய், அதே அலமாரி.

"நீங்க இன்னும் இங்கயேவா இருக்கீங்க?" என்றான். பேசிப் பழகாத தமிழ், வார்த்தை வார்த்தையாக வந்தது. "ரெண்டு வருஷமா ஜாதவ்பூர்லதான் இருக்கேன். ஒருநாள் சர்ச்சுக்கு வந்து பாத்தேன். தமிழ் போர்டையே எடுத்துட்டாங்க. எல்லாரும் ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

கிருபா வாயைத் திறந்தாள். அவன் கையிலிருந்த கைபேசி கிணுகிணுத்தது. திரையைப் பார்த்தான், மேல் மாடியைப் பார்த்தான், பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"லேட்டாயிடுச்சு, மா. மேல குடுத்துட்டு வந்துர்றேன்" என்றான். "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."